வேலுச்சாமிக்கு வந்த வண்டி

எனக்குப் பத்து வயது நடந்தபோது எங்கள் வீட்டில் நான்கு சாதாரணக் கார்களும் ஒரு நீளக் காரும் இருந்தன. அந்த நான்கு கார்களைப் பற்றிச் சூலூரில் யாரும் பேசிக் கேட்டதில்லை. நீளக் காரைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை.

அப்பா வாடகைக் கார் தொழில் செய்துவந்தார். வீட்டின் முன்னறைதான் அலுவலகம். விமானப் படைக் குடும்பங்களை ரயில்வே ஸ்டேஷனில் விடுவது, மில்லுக்கு வரும் விருந்தாளிகளை ஏர்போர்ட்டில் ஏற்றிக்கொள்வது, பழனிக்கும் ஊட்டிக்கும் போய்வருவது என்று தினமும் சவாரி இருக்கும். அப்பாவுக்கு முதலாளி என்று பெயரே தவிர, போனை எடுப்பதும் எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்று தீர்மானிப்பதும் அம்மாதான். டிரைவர் யாராவது லீவு போட்டால் முதலாளி வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்துவிடுவார். அவருக்கு அதுதான் பிடித்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

நீளக் காரை அவர் கொச்சிப் பக்கம் ஒருவரிடமிருந்து வாங்கி வந்திருந்தார். லிமோசின் என்பது அதன் பெயர். அப்பா ‘லிமோசு’ என்பார். அம்மா கோபம் வந்தால் ‘உங்க ரயிலு’ என்பார். எங்கள் வீதியில் அதைத் திருப்புவதற்கு நான்கு முறையாவது முன்னும் பின்னும் போக வேண்டும். அந்த நேரம் எதிர்வீட்டு விசைத்தறியில் சத்தம் நின்றுவிடும். தறி ஓட்டுகிறவர்கள் வெளியே வந்து, “ஒடிங்கொ, ஒடிங்கொ, இன்னும் ஒடிங்கொ” என்று கையை ஆட்டி வழி சொல்வார்கள். உள்ளே வெள்ளை சோபாக்கள் எதிரும் புதிருமாக இருக்கும். கதவைத் திறந்தால் கூரையில் ரோஸ், ஊதா, பச்சை என்று விளக்குகள் தாமாக எரிய ஆரம்பித்துவிடும். அவற்றை அணைக்க எந்த மெக்கானிக்காலும் முடியவில்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் ஏறுகிற வண்டிக்கு அது பொருத்தம்தான் என்று அப்பா தேற்றிக்கொண்டார். முகூர்த்த மாதங்களில் அந்த வண்டி வீட்டிலேயே நிற்காது. பெண் வீட்டார்கள் மண்டபத்தைப் பேசி முடித்த கையோடு எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள்.

எனக்கும் தொழிலில் ஒரு பங்கு இருந்தது. ஏர்போர்ட்டில் பயணிகள் வெளியே வரும்போது தூக்கிப் பிடிக்கிற பெயர்ப் போர்டை எழுதுவது என் பொறுப்பு. அம்மாவின் ஆங்கில எழுத்து எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். நான் இங்கிலீஷ் மீடியம். பெரிய வெள்ளை அட்டையில், கலர் ஸ்கெட்சால், ஓரத்தில் பூங்கொடி போட்டு எழுதுவேன். பூங்கொடியை யாரும் கேட்கவில்லை. என் மனத்திருப்திக்காகப் போட்டேன்.

அது முழுப் பரீட்சை லீவு. அவினாசி ரோட்டிலிருந்த ஒரு மில்லிலிருந்து போன் வந்தது. மும்பையிலிருந்து ஒரு பெரிய வியாபாரி வருகிறார், பூர்வீகம் நம் பக்கம்தான், அவரை நீளக் காரிலேயே கூட்டி வர வேண்டும் என்றார்கள். மாதம் முழுக்க எங்களுக்குச் சவாரி தருகிற மில் அது. அவர் பெயரை அம்மா இரண்டு முறை கேட்டுக்கொண்டு என்னிடம் சொன்னார். “கே. வேலுச்சாமி. கே-ய மறந்துபோடாத கண்ணு.”

நான் மறக்கவில்லை. அதைப் பிறகு முன்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று, வேலுச்சாமியின் வி-யைக் கொஞ்சம் பெரிதாக ஆரம்பித்துவிட்டேன். கடைசி எழுத்து ஓரத்துக்கு வந்து சேர்ந்தபோது, முன்னால் கே-க்கு இடமில்லை. அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு செம்பருத்தி மலர்ந்திருந்தது. அதை அழித்தால் அட்டை பாழாகும். ஒற்றை எழுத்து இல்லாததால் ஒரு மனிதர் வேறு மனிதராகிவிட மாட்டார் என்று முடிவு செய்து ஸ்கெட்சை மூடி வைத்தேன். எங்கள் பள்ளிக்கூடத்திலேயே நான்கு வேலுச்சாமிகள் படித்தார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அப்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை.

நீளக் காரை ஓட்டுகிற டிரைவர் அன்று லீவு. அப்பாவே கிளம்பினார். அடம்பிடித்து நானும் ஏறிக்கொண்டேன். முந்தின நாள் அந்த வண்டி திருப்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தது. பின் கண்ணாடி முழுக்கச் சிவப்பு இதய ஸ்டிக்கர்கள் ஒட்டியிருந்தன. நடுவில் பெண், மாப்பிள்ளை பெயர்களின் முதல் எழுத்துகள். உரிக்க நேரமில்லை. “போற வழியில பாத்துக்கலாம்” என்றார் அப்பா.

ஏர்போர்ட்டில் எங்கள் வண்டிக்கு எப்போதும் ஒரு பிரச்சினை உண்டு. அது இரண்டு கார் நிற்கிற இடத்தை அடைத்துக்கொள்ளும். போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டே இருந்தார். அப்பா வண்டியை விட்டு நகர முடியாமல், என்னைத் தடுப்புக் கம்பியருகே போர்டோடு நிற்க வைத்துவிட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோட்டு சூட்டு போட்ட ஒருவரை நான் எதிர்பார்த்திருந்தேன். வந்தவர் கசங்கிய சட்டையும் சவரம் செய்யாத முகமுமாக, தோளில் ஒரே ஒரு பையோடு வந்தார். வயது நாற்பத்தைந்து இருக்கலாம். என்னைக் கடந்து பத்தடி போய்விட்டார். பிறகு நின்றார். திரும்பி வந்து போர்டைப் படித்தார். ஒரு பெயரைப் படிக்க அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்ட ஒருவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

“இது எந்த வேலுச்சாமிக்கு கண்ணு?” என்று கேட்டார்.

“உங்களுக்குத்தானுங்க” என்றேன்.

அந்த ஒரு வார்த்தையை நான் சொன்ன விதத்தில் சந்தேகமே இருந்திருக்காது. போர்டை எழுதியவளே சொன்னால் வேறென்ன வேண்டும்? அவர் என் பின்னால் வந்தார். அப்பா “வேலுச்சாமிங்களா?” என்று கேட்டார். அவர் “ஆமாங்க” என்றார். விசில் காதருகே கேட்டது. கதவைத் திறந்தோம், ரோஸ் விளக்கு எரிந்தது, கிளம்பிவிட்டோம்.

நான் பின்னால் அவருக்கு எதிரே இருந்த சோபாவில் உட்கார்ந்துகொண்டேன். அவர் சாய்ந்து உட்காரவில்லை. ஓரத்தில், பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் உட்காருவதுபோல் உட்கார்ந்திருந்தார். முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் உண்டு. அதைத் திறந்து அப்பா கேட்டார்.

“ஓட்டலுக்குப் போயிட்டுப் போலாங்களா?”

“இல்லீங். நேரா கோபிக்கே போயிரலாங்க.”

மில்லின் திட்டத்தில் கோபிசெட்டிபாளையம் இல்லை. ஆனால் பெரிய வியாபாரிகள் திட்டத்தை மாற்றுவது வழக்கம். அவர்களை ஏன் என்று கேட்பது வழக்கமில்லை. அப்பா தலையாட்டிவிட்டு அவினாசி பக்கம் வண்டியை விட்டார்.

கணியூர் தாண்டுவதற்குள் அவர் அழ ஆரம்பித்தார். சத்தமில்லாமல், கண்ணைக்கூடத் துடைக்காமல் அழுதார். நான் பயந்துபோய், அந்தக் காரிலிருந்த ஓடாத சின்ன ஃபிரிட்ஜைத் திறந்து, அம்மா அதில் அடுக்கி வைத்திருந்த கைத்துண்டு ஒன்றை எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.

“எங்கண்ணன் வண்டி அனுப்புவாருன்னு நான் நெனைக்கவே இல்ல கண்ணு” என்றார்.

கண்ணாடியில் அப்பாவின் கண்கள் ஒரு நொடி எங்களைப் பார்த்துவிட்டுச் சாலைக்குத் திரும்பின. கொஞ்ச தூரம் போனபின், “அண்ணன் ஊருல என்னங்க பண்றாரு?” என்று மெதுவாகக் கேட்டார்.

அவர் சொன்னார். அண்ணன் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார், வாழையும் மஞ்சளும். நேற்றுச் சாயங்காலம் அவர்களுடைய அப்பா தவறிவிட்டார். பதினொரு வருடத்துக்கு முன்னால், மும்பையில் கூட வேலை செய்த பெண்ணை இவர் கட்டிக்கொண்டபோது, இனி இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அண்ணன் எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் எதுவும் சொல்லவில்லை. ஊரிலிருந்த சிநேகிதன் ஒருவன்தான் நேற்றுப் போன் செய்தான். வீட்டிலிருந்து யாரும் வரச் சொல்லவில்லை. வாசலில் தடுத்தாலும் தடுப்பார்கள், தூரத்தில் நின்றாவது பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று கிளம்பினாராம். விமான நேரத்தை அந்தச் சிநேகிதனிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

“அவன் அண்ணங்கிட்டச் சொல்லியிருப்பானாட்ட இருக்குது. இத்தாம் பெரிய வண்டிய அனுப்பிச்சிருக்காரு பாருங்க.” சோபாவைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னிடம், “எனக்கு வாய்க்கால்ல நீச்சல் பழக்குனதே அண்ணந்தான். எப்பக் கைய உட்டுருவாரோன்னு எனக்குப் பயமா இருக்கும். உடவே மாட்டாரு” என்றார்.

அப்பாவின் போன் முன் சீட்டில் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. மூன்றாவது முறை அடித்தபோது அவினாசியைத் தாண்டியிருந்தோம். அப்பா ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை ஒதுக்கி, “சக்கரத்துக்குக் காத்துப் பாத்துட்டு வந்தர்றனுங்க” என்று இறங்கினார். நானும் இறங்கினேன்.

மில் மேனேஜர்தான். அவர் கத்தியது எனக்கே கேட்டது. அவர்களுடைய வேலுச்சாமி முக்கால் மணி நேரமாக ஏர்போர்ட் வாசலில் வெயிலில் நிற்கிறார். எங்கே வண்டி? அப்பா ஆள் இல்லாத பக்கமாகத் திரும்பி நின்று, “தப்பு எங்களுதுங் சார். போர்டு மாறிப்போச்சுங் சார். பத்து நிமிசத்துல வேற வண்டி வந்துருமுங் சார்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டார். அப்பாவின் போனில் எதிர்முனைக் குரல் எப்போதும் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கும்.

எங்களிடம் வண்டி ஓட்டிய உக்கடத்து பாய் ஏற்கெனவே ஏர்போர்ட்டுக்குப் போய்க்கொண்டிருப்பதாக அம்மா சொன்னார். மேனேஜர் முதலில் அம்மாவிடம்தான் கத்தியிருக்கிறார். “நீங்க யார ஏத்தியிருக்கீங்க?” என்று அம்மா கேட்டார். அப்பா சொன்னார். சுருக்கமாகத்தான் சொன்னார், எழவு வீடு, அண்ணன் தம்பி, பதினொரு வருடம்.

அம்மா, “அவருகிட்டச் சொல்லிப்போட்டீங்களா?” என்றார்.

“இல்ல.”

“சொல்லோணுமல்லங்க?”

“எப்படிச் சொல்றது?” என்றார் அப்பா. “அவங்கண்ணன் அனுப்புன வண்டின்னு சோபாவத் தடவிப் பாத்துட்டிருக்கறாரு.”

கல்யாண வண்டி எழவு வீட்டுக்குப் போனது தெரிந்தால் நாளைக்கு எந்தப் பெண் வீட்டார் அதைக் கேட்டு வருவார்கள் என்பது அம்மாவுக்குத் தெரியாததல்ல. அடுத்த வாரம் மட்டும் இரண்டு முகூர்த்தங்கள் பேசி வைத்திருந்தார்கள். நான் அம்மா திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“பொறகால கண்ணாடியில இருக்கற ஸ்டிக்கர உரிச்சுப்போட்டுப் போங்க” என்றார் அம்மா. போனை வைத்துவிட்டார். போகச் சொல்வதையும் திட்டுவதுபோலவே சொல்ல அவருக்கு வரும்.

அப்பா நகத்தால் இதயங்களைச் சுரண்டினார். வெயிலில் பசை உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. நானும் எட்டியவரை உரித்தேன். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அதாவது, என் தவறு மட்டும் விளங்கியது. “அப்பா, கே எழுத எடம் பத்துலீங்கப்பா” என்றேன். அழுகை முட்டியது.

அப்பா என்னைத் திட்டவில்லை. “அவருகிட்ட ஒண்ணும் சொல்லிப்போடாத” என்றார். கையில் ஒட்டிய சிவப்புத் துணுக்குகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார்.

அதற்குப் பிறகு அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க எனக்குச் சிரமமாக இருந்தது. அவரோ நம்பியூர் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, பைக்குள்ளிருந்த சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டார். சட்டைக் கையை இறக்கிப் பட்டன் போட்டார். “நல்லா இருக்குதா கண்ணு?” என்று கேட்டார். இருக்கிறது என்றேன். வரச் சொல்லிக் கூப்பிட்டனுப்பிய வீட்டுக்குப் போகிறவர் மாதிரிதான் அப்போது இருந்தார்.

கோபிக்கு முன்னாலேயே தோட்டத்துச் சாலையில் திரும்ப வேண்டும். வாய்க்கால் பாலத்தில் வண்டி திரும்பவில்லை. அப்பா ஏழெட்டு முறை முன்னும் பின்னும் போனார். வாழைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் ஓடி வந்து சக்கரத்துக்குக் கல் வைத்து, வழி சொல்லி, திருப்பி விட்டார்கள். அதற்குள் சைக்கிளில் ஒருவன் முன்னால் பறந்து போய்விட்டான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தலில் இருந்த எல்லாரும் எழுந்து நின்று வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொட்டுக்காரர்கள்கூடக் கொட்டை நிறுத்தியிருந்தார்கள்.

அப்பா இறங்கிக் கதவைத் திறந்தார். பட்டப்பகலில், எழவு வீட்டு வாசலில், ரோஸும் ஊதாவுமாக விளக்குகள் எரிந்தன. எனக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது. அந்த மனிதர் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டடி வைத்தார்.

தலையில் துண்டு கட்டிய வயதான ஒருவர் குறுக்கே வந்து நின்றார். சித்தப்பா முறையாக இருக்க வேண்டும். கையை நீட்டி மறித்து, பந்தலைப் பார்த்துக் கேட்டார்.

“இவன யாரு வரச் சொன்னது?”

அப்பா தொண்டையைக் கனைத்தார். கூட்டத்தில் நாலு பேர் பார்த்தாலே சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்கிற கூச்சக்காரர் அவர். “இவரு அண்ணன் வண்டி அனுப்பிச்சாருங்க” என்றார்.

எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. அந்தப் பக்கத்தில், பந்தல் கால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, வெற்று மேலோடு அண்ணன் நின்றுகொண்டிருந்தார். தம்பியின் முகமே, பத்து வருடம் கூடுதலாக வெயிலில் இருந்ததுபோல். அவர் தம்பியைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். இந்த ஆளை வாழ்க்கையில் பார்த்ததே இல்லையே என்று அவர் யோசிப்பது எனக்கே தெரிந்தது. பிறகு காரைப் பார்த்தார். அந்தக் கார் முன்முனையிலிருந்து பின்முனைவரை பார்த்து முடிக்க நேரம் பிடிக்கிற கார்.

நான் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். இதோ சொல்லப்போகிறார், எல்லாரும் சேர்ந்து அப்பாவை அடிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

தம்பிதான் முதலில் பேசினார். “வண்டியெல்லாம் எதுக்குங்கண்ணா? நான் பஸ்ஸுலயே வந்திருப்பனே” என்றார்.

அண்ணன் பந்தல் காலை விட்டார். “நாந்தேன் வரச் சொன்னேன்” என்றார், குறுக்கே நின்ற பெரியவரிடம். பிறகு தம்பியிடம், “நேரமாச்சு. அப்பனப் பாரு, வா” என்றார்.

பெரியவரின் கை இறங்கியது. உள்ளேயிருந்து வயதான அம்மா ஒருவர் “எஞ்சாமி” என்று கத்திக்கொண்டு எழுந்து ஓடி வர முயன்று, நடுவிலேயே உட்கார்ந்துவிட்டார். தம்பி ஓடினார். கொட்டு மறுபடி ஆரம்பித்தது.

நாங்கள் உடனே கிளம்பியிருக்கலாம். ஆனால் பின்னால் வண்டிகள் நின்றிருந்தன. எங்கள் காரைத் திருப்ப இடமில்லை. தோட்டத்து வேலியோரம் நிழலில் நின்றோம். யாரோ எனக்கு இளநீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அரை மணி நேரம் கழித்து அண்ணன் தனியாக எங்களிடம் வந்தார்.

“வண்டி யாருதுங்க?” என்று கேட்டார்.

அப்பா கையைக் கட்டிக்கொண்டு உள்ளதைச் சொன்னார். வேறு ஒரு வேலுச்சாமியை ஏற்ற வந்தது, போர்டில் இனிஷியல் விட்டுப்போனது, பாதி வழியில்தான் தெரிந்தது. “மன்னிச்சுக்கோணுங்கண்ணா. நடுவுல எறக்கி உட மனசு வருலீங்க.”

“அவனுக்குத் தெரியுமா?”

“சொல்லுலீங்க.”

அவர் கொஞ்ச நேரம் வாழைத் தோட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “நேத்துச் சாயங்காலத்துல இருந்து போனக் கையிலயேதான் வெச்சிருந்தனுங்க” என்றார். “நம்பரும் இருந்துது. அமுத்தறதுக்குத்தான் கை வருல.” அவர் இதை அப்பாவிடம்தான் சொன்னார் என்றாலும், பந்தலில் கிடத்தியிருந்த தகப்பனாருக்குக் கேட்டுவிடுமோ என்பதுபோல் தணிந்த குரலில் சொன்னார். பிறகு குனிந்து என்னைப் பார்த்தார்.

“அம்மணி, வழியில அவன் என்ன சொன்னான்?”

இவ்வளவு நேரம் எதையும் சொல்லக் கூடாது என்று அடக்கி வைத்திருந்த எனக்கு, உண்மையைச் சொல்ல ஓர் இடம் கிடைத்தது. “நீங்க வண்டி அனுப்பிச்சிருக்கீங்கன்னு அழுதாருங்க. வாய்க்கால்ல நீங்கதான் நீச்சல் பழக்குனீங்களாமா. கைய உடவே மாட்டீங்களாமா” என்றேன்.

அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று அப்பாவைப் பார்த்தேன். அப்பா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போகும்போது அண்ணன் ஒன்று சொன்னார். “பதனாறு முடிஞ்சு அவன் திரும்பிப் போறப்பவும் இதே வண்டி வரட்டுமுங்க. நாந்தேன் சொல்லி உடறேன்.” அப்பா தலையை மட்டும் ஆட்டினார். எழவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது, சொல்லாமலே கிளம்பினோம்.

அதற்குப் பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மில்லிலிருந்து எங்களைக் கூப்பிடுவது நின்றுபோனது. அப்பா மூன்று முறை நேரில் போய்ப் பார்த்தார். தவறு தன்னுடையது என்றுதான் அங்கும் சொன்னாரே தவிர, பத்து வயதுப் பெண் எழுதிய போர்டு என்று சொல்லவில்லை. எழவு வீட்டுக்குப் போன சேதி எப்படியோ திருப்பூர்வரை போய்விட்டது. அடுத்த வார முகூர்த்தங்களில் ஒரு வீட்டார் வண்டி வேண்டாம் என்றார்கள். இன்னொரு வீட்டார், நன்றாகக் கழுவிவிட்டு அனுப்புங்கள் என்றார்கள். அம்மா மஞ்சள் தண்ணீர் தெளித்து, நான்கு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றச் சொன்னார். அவ்வளவு நீள வண்டிக்கு ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர் போதவில்லை. மூன்று சொம்பு ஆயிற்று. அடுத்த வருடம் அது வந்த வழியே கேரளத்துக்குப் போய்விட்டது. அதற்காக அப்பா வருந்தியதை நான் பார்க்கவில்லை. விற்ற அன்று மட்டும் எதிர்வீட்டுத் தறிக்காரர்கள் வருந்தினார்கள்.

பதினாறாம் நாள் முடிந்து அண்ணன் போன் செய்தார். அப்பாவே நீளக் காரை எடுத்துக்கொண்டு போனார். அண்ணனும் தம்பியோடு ஏர்போர்ட்வரை வந்தாராம். வழி நெடுகத் தம்பியின் பையை அண்ணன் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தார் என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். அடுத்த வருடத்திலிருந்து தம்பி குடும்பத்தோடு வர ஆரம்பித்தார். அவர்களுக்கு எங்கள் வண்டிதான் போகும். இந்தத் தொழிலை இப்போது நான் நடத்துகிறேன். சென்ற தைமாதம்கூட ஒரு வண்டி அனுப்பினேன்.

ஆனால் அன்றைக்குத் திரும்பி வரும்போது இதெல்லாம் யாருக்கும் தெரியாது. நான் முன் சீட்டில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். எனக்கு ஒரு குழப்பம் இருந்தது. பொய் சொன்னால் கண்டுபிடிப்பார்கள், கண்டுபிடித்தால் அடிப்பார்கள் என்பதுதான் நான் அறிந்த ஒழுங்கு. அன்று அப்பா பொய் சொன்னார். அத்தனை பேர் முன்னிலையில் அந்த அண்ணனும் சொன்னார். யாரும் யாரையும் அடிக்கவில்லை. அந்த அண்ணன் சொன்னபோது அது பொய் மாதிரியே இல்லை. நிஜமாகவே வண்டி அனுப்பியவர் சொல்வதுபோல் இருந்தது.

நம்பியூர் தாண்டியதும் கேட்டேன். “ஏனுங்கப்பா, நெசமாலுமே அவருதான் வண்டி அனுப்பிச்சாருங்களா?”

அப்பா எதிரே வந்த லாரிக்கு வழிவிட்டு ஒதுங்கி, மறுபடி சாலையில் ஏறிய பிறகு சொன்னார்.

“ஆமா கண்ணு. அவருதான்.”

“எப்பங்கப்பா அனுப்பிச்சாரு?”

“நாம போய்ச் சேந்ததுக்கு அப்பறம்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போய்ச் சேர்ந்துவிட்ட வண்டியை அதற்கப்புறம் எப்படி அனுப்ப முடியும்? இத்தனை வருடம் வண்டித் தொழில் செய்கிறவருக்கு இதுகூடத் தெரியவில்லையே, வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.